இரவல் மூச்சு

மொஸ்பாஹ் சித்தப்பாவுக்கு ‘விசில்’ என்று பெயர் வைத்தது நான்தான். அதற்காக வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், பாதி வருத்தம்தான். பெயர் அவ்வளவு பொருத்தம். அவர் தெருமுனையில் திரும்பும்போதே நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் முதலில் வந்து சேரும், ஆள் பின்னால் வருவார். தேநீர்க் கெண்டி கொதிக்க ஆரம்பிக்கும்போது மூக்கு வழியாக ஒன்று வருமே, அந்தச் சத்தம். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அதே மாதிரி ஊதிக் காட்டுவேன். அந்தப் பக்கத்திலிருந்து செருப்பு பறந்து வரும். வந்த செருப்பைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் என்னிடம் இல்லை. ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வேலைக்குப் போனார்.

சொந்தச் சித்தப்பா இல்லை, பக்கத்து வீடு. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவிலும் ஒரே சுவர்.

எங்கள் ஊர் ஷத்துர் ரமலில் கம்பெனி என்றால் எல்லாருக்கும் தெரியும். பாறையைப் பொடியாக்கி அமிலத்தில் வேகவைத்து, உரத்துக்கு வேண்டிய சாறைப் பிழிந்துகொண்டு, சக்கையைக் கடலில் விடுவார்கள். ஒலிவம் பிழிந்த சக்கை என்றால் ஆட்டுக்குப் போடலாம், அடுப்பெரிக்கலாம். இந்தச் சக்கை எதற்கும் ஆகாது. கறுப்பாகக் கடலுக்குள் போய்ப் படிந்து கிடக்கும். கடலுக்குப் போகாதது புகை. அது எங்களுக்கு. தீக்குச்சியைக் கிழித்து மூக்குக்குள் வைத்த மாதிரி இருக்கும். காற்று மாறினால் அழுகின முட்டை. விருந்தாளிகள் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்போம். என்ன சிரிப்போ.

அந்தச் சக்கை போகிற வாய்க்காலில் சித்தப்பா ஒன்பது வருஷம் வேலை பார்த்தார். சக்கை போகிற போக்கில் சுவரில் ஒட்டிக் காய்ந்து, சோறு அடிப்பிடித்த பானை மாதிரி கெட்டியாகிவிடும். கடப்பாரையால் பெயர்த்து எடுக்க வேண்டும். முகமூடி கிடையாது. தலைத்துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வது. மத்தியானம் அவிழ்த்தால் துணி அட்டை மாதிரி நிற்கும் என்பார். ஒன்பது வருஷத்தில் நெஞ்சு போனது. அப்புறம் இடுப்பும் முழங்காலும். எலும்பெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி கனத்துப் போயிருக்கிறது என்று ஸ்ஃபாக்ஸ் பட்டணத்தில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துச் சொன்னாராம். சித்தப்பாவுக்கு வயது நாற்பத்து மூன்று. உட்கார்ந்து எழுந்திருக்கும்போது பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஊர்ப் பையன்கள் கம்பெனி ரயிலை மறித்துத் தண்டவாளத்தில் படுத்து வேலை கேட்ட வருஷம், கம்பெனி எங்களைச் சமாதானப்படுத்தத் தோட்டக் கம்பெனி என்று ஒன்றை ஆரம்பித்தது. காலை எட்டு மணிக்கு ஒரு கையெழுத்து, மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு கையெழுத்து. நடுவில் தோட்டம். தோட்டத்தில் பதினோரு அரளிச்செடி, முப்பத்தெட்டு ஆள். என் அப்பா லஸ்ஹரும், வாய்க்கால் வேலையை விட்ட சித்தப்பாவும் அதில் உண்டு. ஒரு செடிக்கு மூன்றரைப் பேர் தண்ணீர் ஊற்றியும் செடி பிழைக்கவில்லை. ஆனால் ஆள் பிழைத்தான். மாதச் சம்பளமும் பச்சை அட்டை போட்ட மருத்துவப் புத்தகமும் உண்டு. அந்தப் புத்தகத்தை நீட்டினால் மருந்துக்கடைக்காரர் இன்ஹேலரைக் கேள்வி கேட்காமல் எடுத்து வைப்பார். சித்தப்பா வீட்டுக்கு மாதம் நாலு வேண்டும். அவருக்கு இரண்டு, இப்திஸாமுக்கு இரண்டு.

இப்திஸாம் அவருடைய ஒரே மகள். எட்டு வயசு. பல்லெல்லாம் வெள்ளையும் பழுப்புமாகப் புள்ளி, ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போல. ஓடிப் பிடித்து விளையாடும்போது பத்தடி ஓடுவாள், உடனே குனிந்து செருப்பு வாரைக் கட்டுவாள். அவள் போட்டிருப்பது வாரே இல்லாத ரப்பர் செருப்பு. மற்ற பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்களில் பாதிப்பேர் அதே வாரைத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மருந்தெல்லாம் அப்புறம்மா. முதல்ல இந்தக் காத்துல இருந்து பொண்ண வெளிய கொண்டு போங்க” என்று ஸ்ஃபாக்ஸ் டாக்டர் தஹ்பியா சித்தியிடம் சொன்னார். தஹ்பியா, சித்தப்பாவின் மனைவி.

“எங்க கொண்டு போக? எங்க வீட்டக் கழுத்துல கட்டிக்கிட்டுப் போகவா?” என்று சித்தி கேட்டாளாம்.

வீட்டுச் சுவரில் ‘விற்பனைக்கு’ என்று சித்தப்பா சுண்ணாம்பால் எழுதி வைத்தார். கீழே நான் ‘புகை இலவசம்’ என்று எழுதினேன். அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கால் மணி நேரமானது. அதற்கப்புறம் அவரைச் சிரிக்க வைக்கும் வேலையைக் கொஞ்சம் யோசித்துத்தான் செய்தேன்.

வீடு விற்கவில்லை. அப்போதுதான் வக்கீல் ரௌதா வந்தாள். கம்பெனிச் சுவரை ஒட்டியிருக்கும் பத்தொன்பது குடும்பங்களுக்கு மலையடிவாரத்தில் வேறு வீடு கட்டித் தர வேண்டும் என்று வழக்கு போட்டாள். முதல் பெயர் சித்தப்பாவுடையது. அவர் படமும் இப்திஸாமின் படமும்தான் இருப்பதிலேயே மோசம். சித்தப்பாவுக்கு அதில் ஒரு பெருமைகூட.

“பள்ளிக்கூடத்துல ஒருநாளும் மொத இடம் வாங்கினதில்ல. இப்பத்தான் வாங்கியிருக்கேன்” என்பார்.

இனிச் சிக்கலுக்கு வருகிறேன். தோட்டக் கம்பெனியில் ஒவ்வொரு மார்ச்சும் ஒப்பந்தம் புதுப்பிக்க மூச்சுப் பரிசோதனை உண்டு. வெள்ளைக் குழாயில் ஊத வேண்டும். பெட்டி ஒரு கோடு போடும். நல்ல நெஞ்சு மலை வரையும். சித்தப்பா நெஞ்சு எறும்புப் புற்று வரையும். புற்று வரைந்தவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்குப் பச்சைப் புத்தகம் இல்லை. புத்தகம் இல்லையென்றால் இன்ஹேலர் இல்லை. நோய்க்கு மருந்து வேண்டுமென்றால் நோய் இருக்கக் கூடாது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மனமொத்துப் பிரிந்தவள். இந்தக் கணக்கு எனக்கே புரிந்தது, கம்பெனிக்குப் புரியவில்லை.

அதனால் எங்கள் ஊரில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு மலைக்காரன் இருந்தான். எங்கள் தெருவுக்கு ஜும்ஆ. ஆடு மேய்க்கிறவன். இரண்டு பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்கிற கிடாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்கும். அவன் மார்ச் மாதம் இறங்கி வந்து எங்கள் தெரு ஆண்களின் பெயரில் ஒவ்வொருவராகப் போய் ஊதுவான். கூலி, ஆளுக்கு ஒரு தட்டு மீன் குஸ்குஸ், கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்த சோறு. மலையில் மீன் ஏது? எங்கள் கடல் மீனை நாங்கள் அவனுக்குப் போட மாட்டோம், அந்த அளவுக்கு நியாயம் எங்களுக்கும் உண்டு. புகை எட்டாத ஜர்ஸீஸ் கரையிலிருந்து வரவழைப்போம்.

பரிசோதனை அறையில் அடையாள அட்டையின் நகல்தான் கேட்பார்கள். நகல் எடுப்பது நான். கம்பெனி வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில்தான் எனக்கு வேலை. கறுப்பைக் கூட்டும் பொத்தானை மூன்று தடவை அழுத்தினால் எல்லா முகமும் ஒரே முகம், மீசை வைத்த ஒலிவங்காய்.

போன மார்ச்சில் ஜும்ஆ சித்தப்பாவுக்காக ஊதப் போனபோது நான் வாசலிலேயே சொல்லி அனுப்பினேன்.

“அண்ணே, கொஞ்சம் கொறைச்சு ஊதுங்க. அந்த ஆளு மூஞ்சிக்குத் தகுந்த மாதிரி ஊதுங்க.”

“கொறைச்சு ஊதவா? எனக்கென்ன நோயா?” என்றான் ஜும்ஆ.

“உங்களுக்கு இல்ல, அவருக்கு.”

“அப்ப அவரு வந்து ஊதட்டும்.”

ஊதிவிட்டு வந்து, மீனின் தலையை உறிஞ்சிக்கொண்டே கதை சொன்னான். “அன்னிக்கு நாலாவது ஆளாப் போறேன். டாக்டர் நிமிர்ந்து பாத்தான். ‘காலையில உங்க பேரு என்னவா இருந்துச்சு?’ன்னான். ‘பேரு எதுவா இருந்தா என்ன டாக்டர், மூச்சு ஒண்ணுதானே’ன்னுட்டேன்.”

“ஐயையோ! அவரு என்ன சொன்னாரு?” என்றாள் தஹ்பியா சித்தி.

“சிரிச்சான். சீல் குத்தினான்.”

எவ்வளவு நல்ல டாக்டர் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். சித்தி இன்னொரு கரண்டி குஸ்குஸ் வைத்தாள். சித்தப்பா அந்தக் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மொஸ்பாஹ், நுரையீரல் மிகச் சிறப்பு என்று இருந்தது.

“இதுல இருக்கற ஆளப் பாத்தாப் பொறாமையா இருக்கு. எங்க இருக்கான் இவன்?” என்றார்.

அக்டோபரில் வக்கீல் ரௌதா ஒரு கட்டுக் காகிதத்தோடு கடைக்கு வந்தாள். வழக்கில் கம்பெனி கொடுத்த பதில். மூன்று நகல் வேண்டும் என்றாள். நான் ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடியில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. ஒரு பட்டியல். ஷத்துர் ரமலில் வசிக்கும் ஊழியர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், வரிசையாக. எல்லார் பெயருக்கு நேரேயும் ‘மிகச் சிறப்பு’, ‘மிகச் சிறப்பு’. நாற்பத்தாறாவது என் அப்பா. நாற்பத்தேழாவது மொஸ்பாஹ் சித்தப்பா. கீழே ஒரு பத்தி. சுவரை ஒட்டி வாழ்ந்து, சுவருக்கு உள்ளேயே வேலையும் பார்க்கும் இவர்களின் நுரையீரல் நாட்டிலேயே மிக நல்ல நிலையில் இருக்கிறது. எனவே குழந்தைகளின் நோய்க்குக் காரணம் வீட்டின் ஈரமாகவோ வளர்க்கும் பூனையாகவோ இருக்கலாம்.

டாக்டர் ஏன் சிரித்தார் என்று அந்தப் பத்தியைப் படிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் கம்பெனியையே ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஊதி ஊதி, புகையால் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று எங்கள் கைப்படவே எழுதிக் கொடுத்திருந்தோம்.

“இது எப்படி முடியும்? நானே பாத்தேன், அவரால என் ஆபீஸ் படி ஏற முடியல” என்றாள் ரௌதா.

நான் காகிதம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி உள்ளே போய், காகிதம் இருக்கும் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படுவார், செருப்பு வரும் என்று தயாராகத்தான் போனேன். வரவில்லை. “நம்மகிட்டப் பூனை கூட இல்லையே” என்று மட்டும் சொன்னார்.

விஷயம் தெருவெல்லாம் பரவ அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு தோட்டக் கம்பெனி ஆட்கள் ஆறு பேர் அவர் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் என் அப்பா. கையில் ஒரு கிலோ சர்க்கரை, துக்கம் கேட்கப் போகிற மாதிரி. சித்தி பாதாம் போட்டுத் தேநீர் ஊற்றினாள். கொஞ்ச நேரம் எல்லாரும் தேநீரைப் பற்றியே பேசினார்கள்.

“மொஸ்பாஹ், விசாரணைக்கு நீ போறியா?” என்று கடைசியில் அப்பா ஆரம்பித்தார்.

“கூப்பிட்டிருக்காங்க. போகாம?”

“ஜட்ஜு கேப்பாரு. மார்ச்சுல ஊதினது நீயான்னு கேப்பாரு.”

“கேப்பாரு.”

“நான் இல்லன்னு நீ சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாரு. அப்புறம் நாப்பத்தாறு யாரு, நாப்பத்தெட்டு யாருன்னு கேப்பாரு. இருநூத்திப் பன்னெண்டு பேரு வேலையும் போகும். புத்தகமும் போகும். ஜும்ஆவ உள்ள வைப்பாங்க.” அப்பா என்னைப் பார்க்காமலே என்னைக் காட்டினார். “இந்தச் சனியனையும் வைப்பாங்க.”

“அவள வெச்சா ஜெயில்காரன் பாவம்” என்றார் சித்தப்பா.

யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

“அப்ப எம் பொண்ணு?” தஹ்பியா சித்தி தட்டைத் தரையில் வைத்தாள். “நீங்க ஆறு பேரும் உக்காந்து சொல்லுங்க. எம் பொண்ணு என்ன பண்ணுவா?”

“எம் பொண்ணும் இங்கதாம்மா இருக்கா” என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. அவர் என்னை ‘என் பொண்ணு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை, எப்போதும் சனியன்தான். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் பார்க்க ஒன்றுமில்லை.

ஆறு பேரும் போன பிறகு சர்க்கரை மட்டும் இருந்தது. இப்திஸாம் உள்ளறையில் இன்ஹேலரைக் குலுக்குகிற சத்தம் கேட்டது. சித்தப்பா அந்தப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உண்மையச் சொன்னா நாளைக்கே புத்தகம் போயிடும். வீடு எப்ப வரும் தஹ்பியா? அஞ்சு வருஷமா? பத்து வருஷமா? அதுவரைக்கும் அவ எதைக் குலுக்குவா?”

“சொல்லலைன்னா வீடே வராது.”

“ஆமா.”

“அப்ப?”

“அப்ப ஒண்ணுமில்ல. ரெண்டு கதவும் உள்பக்கமாத்தான் பூட்டியிருக்கு. பூட்டினது நாமதான்.”

நீதிமன்றம் பட்டணத்தில் இரண்டாம் மாடியில். சித்தப்பா படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளைப் படித்தார். ஒன்று போன வருஷத்துக் கால்நடை ஏலம். அதை இரண்டு தடவை படித்தார். நானும் பக்கத்தில் நின்று, ஏதோ ஒட்டகம் வாங்கப் போகிறவள் மாதிரி, கூடப் படித்தேன்.

கம்பெனி வக்கீல் நல்ல வாசனை அடித்தார். மார்ச் மாதக் காகிதத்தை நீதிபதியிடம் நீட்டினார். ரௌதா ஸ்ஃபாக்ஸ் படத்தை நீட்டினாள். நீதிபதி இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே ஆளோடதா இருக்க முடியாதே. நீங்கதான் சொல்லணும். மார்ச்சுல இந்தப் பரிசோதனையில ஊதினது நீங்களா?”

சித்தப்பா எழுந்து நின்றார். எழ நேரமானது. எனக்குப் பின் வரிசையில் என் அப்பா உட்கார்ந்திருந்தார், தோட்டத்து ஆட்கள் பலரும் கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவி வந்திருந்தார்கள். யாரும் இருமவில்லை. அத்தனை பேர் இருக்கிற அறையில், எங்கள் ஊர் ஆட்கள், ஒரு இருமல்கூட இல்லை. சித்தப்பாவின் நெஞ்சு மட்டும் தனியாக ஊதிக்கொண்டிருந்தது. நீதிபதி சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார், சத்தம் வெளியிலிருந்து வருகிறதென்று.

“நான்தான்” என்றார் சித்தப்பா.

“நல்லாக் கேட்டுக்கிட்டுச் சொல்லுங்க.”

“நான்தாங்க ஊதினேன். அன்னிக்கு நல்லா இருந்தேன்.”

ரௌதா திரும்பி அவரைப் பார்த்தாள். அப்புறம் மேசையில் இருந்த அந்த நகலைப் பார்த்தாள், அதிலிருந்த ஒலிவங்காயை. அப்புறம் என்னை. அவள் கெட்டிக்காரி. பேனாவை மூடினாள். என்னை இதற்கு முன் எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள், அந்தப் பேனா மூடின சத்தம் மாதிரி எதுவும் இருந்ததில்லை.

மனுதாரர் தம் ஆரோக்கியத்தைத் தாமே ஒப்புக்கொண்டதால் அவர் பெயரும் அவர் மகள் பெயரும் வழக்கிலிருந்து நீக்கப்படுகின்றன என்று குமாஸ்தா படித்தார். மற்ற குடும்பங்களுக்குத் தேதி தள்ளிப் போடப்பட்டது.

படி இறங்கும்போது அப்பா சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா கையை விடுவித்துக்கொண்டார், கோபமாக இல்லை, கைப்பிடிச் சுவரைப் பிடிக்க அந்தக் கை வேண்டியிருந்தது.

இந்தக் கதை ஜும்ஆவுக்கு எப்படித் தெரிந்ததோ, அடுத்த வாரமே மலையிலிருந்து இறங்கிவிட்டான். மார்ச் இல்லை, மீன் இல்லை. முற்றத்தில் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

“கொறைச்சு ஊதுன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு. நான் கேக்கல” என்றான்.

“கொறைச்சு ஊதியிருந்தா என் வேலை போயிருக்கும். உக்காரு” என்றார் சித்தப்பா.

ஜும்ஆ உட்காரவில்லை. “எங்கம்மா வீட்டுல ஒரு அறை சும்மா இருக்கு. புள்ளைய அனுப்புங்க. பள்ளிக்கூடம் கீழ் ஊர்ல இருக்கு, கழுதை இருக்கு. அக்காவும் கூட வரட்டும்.” அக்கா என்றது தஹ்பியா சித்தியை.

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். “நீங்க?”

“எனக்குக் கையெழுத்து இருக்கே. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு.”

“ராத்திரி நெஞ்சு அடைச்சா யாரு முதுகத் தேய்ப்பா?”

“அடைக்காது.”

“ரெண்டு மூச்சு இருக்கு இந்த வீட்டுல. நான் எது பக்கத்துல உக்காரணும், சொல்லுங்க.”

“சின்ன மூச்சு பக்கத்துல” என்றார்.

சனிக்கிழமை வாடகை வேன் நிறுத்தத்துக்கு நானும் போனேன். பெட்டி ஒன்று, கம்பளி இரண்டு, மருந்துக்கடையில் வாங்கின மூன்று மாத இன்ஹேலர் ஒரு பையில். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் வேன் கிளம்பும். ஏழு பேர் சேர்ந்தாகிவிட்டது. சித்தப்பா அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக் கையெழுத்துக்கு நாற்பது நிமிஷம் இருந்தது.

“வெள்ளிக்கிழமை வருவீங்களா?” என்று கேட்டாள் இப்திஸாம்.

“வருவேன்.”

“ஜும்ஆ மாமா வீடு மேல இருக்காம். ஏறணுமாம்.”

“மெதுவா ஏறுவேன்.”

“எவ்வளவு மெதுவா?”

“வியாழக்கிழமையே ஏற ஆரம்பிச்சிடுவேன்.”

அவள் சிரித்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, நான் அவளிடமிருந்து திருடி வைத்திருந்த ரப்பர் தவளையைக் கேட்டாள். என்னிடம் இல்லை என்றேன். அது அவள் பையிலேயே, கம்பளிக்கு நடுவில், காலையிலேயே வைத்தாயிற்று. போய்த் திறந்து பார்த்து அலறட்டும்.

எட்டாவது ஆள் வந்துவிட்டார். வேன் கிளம்பியது. சித்தி முகத்தைத் தலைத்துணிக்குள் வைத்துக்கொண்டாள். இப்திஸாம் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஏதோ கத்தினாள், காதில் விழவில்லை. சித்தப்பா பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தார். காற்று வரவில்லை. கையை மட்டும் ஆட்டினார். வேன் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் கையாலேயே என் தலையில் ஒன்று போட்டார்.

“நட, நேரமாச்சு” என்றார்.

மூன்று வாரத்தில் மலையிலிருந்து செய்தி வந்தது. மூன்று மாதத்துக்குக் கொண்டுபோன இன்ஹேலரில் ஒன்றைத்தான் பிரித்திருக்கிறார்களாம், அதிலும் பாதி அப்படியே இருக்கிறதாம். ஒரு ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாளாம். நிற்காமலா, நிற்காமலா என்று சித்தப்பா போனில் நாலு தடவை கேட்டார். அவர் இதுவரை ஒரு வெள்ளிக்கிழமையும் போகவில்லை. அடிவாரம் வரைக்கும் ஒருமுறை போய், வேனிலேயே திரும்பி வந்தார். சாலை மோசம் என்றார். அந்தச் சாலை போன வருஷம் போட்ட புதுச் சாலை.

இப்போது அந்த வீட்டில் அவர் தனி. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரியும் சத்தம் இல்லை, பிள்ளை இல்லை. போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், உன் வேலையைப் பாருடி என்பார். அதனால் நான் கேட்பதில்லை. ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு முடிந்ததும் ஒரு கூழாங்கல்லை எடுத்து அவருடைய தகரக் கதவில் எறிகிறேன். அவர் வெளியே வந்து என்னையும் என் ஏழு தலைமுறையையும் திட்டுவார். எத்தனை வார்த்தை ஒரே மூச்சில் வருகிறது என்று எண்ணிக்கொள்வேன். திங்கள் பதினான்கு. செவ்வாய் பதினொன்று. ‘நாசமாப் போறவளே’ வரைக்கும் வந்தால் போதும், அன்றைக்குக் கவலையில்லை என்று உள்ளே போய்ச் சாப்பிட உட்காருவேன்.

நேற்று ஒரு கல் எறிந்தேன். வரவில்லை. இரண்டாவது எறிந்தேன். மூன்றாவதுக்குக் குனியும்போது என் அப்பா முற்றத்துக்கு வந்துவிட்டார். அவரும் குனிந்து, நல்ல பெரிய கல்லாக ஒன்றைத் தேடி எடுத்து எறிந்தார். தகரம் அதிர்ந்தது.

கதவு மெல்லத் திறந்தது. சித்தப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீயுமாடா?” என்றார்.

ஒரே வார்த்தை. அப்பா செருப்பைக்கூடப் போடாமல் சுவரைத் தாண்டிக் குதித்தார். நான் அவருக்குப் பின்னாலேயே குதித்தேன்.